விறாந்தையில் மேளம் அறும் நேரம்

விளக்கு வைக்கிற நேரம் வந்தால் விறாந்தை ஸ்பீக்கர் நின்றுவிடும். மற்ற மூன்றும் வழக்கம்போலப் பாடிக்கொண்டிருக்கும். ஹோலில் தவில் அதிரும், மாமாவின் அறையில் நாதஸ்வரம் இழையும், குசினியில் இரண்டும் சேர்ந்து சட்டிபானைகளுக்கு மேலால் மிதந்து வரும். விறாந்தையில் மட்டும், யாரோ உள்ளங்கையால் பொத்திப் பிடித்ததுபோல, ராகம் நடுவில் அறுந்துபோகும். கொஞ்ச நேரம் கழிய, பொத்திய கையை எடுத்ததுபோல மறுபடியும் கேட்கும்.

அன்றும் அப்படித்தான் நின்றது.

தனுஷிகா தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள், திருவலையை ஒதுக்கி வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்தபடி விறாந்தைக்கு வந்தாள். மைமல் பொழுது. முற்றத்து மண் மத்தியான மழையில் ஊறிக் கிடந்தது. ஈர வேப்பிலையின் கசப்பு வாசம் படியேறி வந்தது. சுவர்த் தட்டில் இருந்த அந்த வட்டப் பெட்டியின் வெளிச்சம் எரிந்துகொண்டுதான் இருந்தது. கைபேசியை எடுத்துப் பார்த்தாள். நான்கு இடங்களிலும் பாட்டுப் போவதாக அது சொன்னது. விறாந்தையிலும் போவதாகவே சொன்னது.

"பொய்," என்றாள் கைபேசியைப் பார்த்து.

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "பிள்ளை, மேளம் நிண்டிட்டுதோ?"

"இல்லை மாமா. வடிவாய்க் கேளுங்கோ. கேக்குதுதானே."

"ஓம்… கேக்குது. அப்ப பூசை முடியேல்லை."

"முடியேல்லை மாமா."

"மாமி கோயில்லைதான் நிப்பா."

"ஓம் மாமா. போட்டு வந்திடுவா."

அவள் அதைச் சொல்லி முடிக்க, விறாந்தையில் நாதஸ்வரம் விட்ட இடத்திலிருந்து அல்ல, மற்ற அறைகளோடு ஒத்து, இடையில் எதுவும் நடக்காததுபோல ஒலித்தது.

தனுஷிகாவின் மாமியார் மீனாம்பிகை ஆனி மாதத்தில் காலமாகிவிட்டார். மாமாவுக்கு மறதி நோய். மனைவி இறந்ததை அவரிடம் சொன்னார்கள்தான். சொன்ன ஒவ்வொரு முறையும் முத்துக்குமாரு மாமா அதைப் புதிதாகக் கேட்டார், புதிதாக அழுதார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு தனுஷிகா சொல்வதை விட்டுவிட்டாள். ஒரு மனிதனை ஒரே துக்கத்துக்குள் நாளாந்தம் பிடித்துத் தள்ளுவது பாவம் என்று அவளுக்குப் பட்டது. கேட்டபோதெல்லாம், மாமி கோயிலுக்குப் போயிருக்கிறா, வந்திடுவா என்று சொன்னாள். கேட்ட முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிக்காக ஒரு பொய் சொல்வதைப் பிள்ளையார் பொறுத்துக்கொள்வார் என்று அவள் நம்பினாள்.

ஆனால் பொய்யைக் காப்பாற்ற மேளம் வேண்டியிருந்தது. மேளகாரருக்குப் பேர்போன அளவெட்டியில் பிறந்து வளர்ந்த மாமாவுக்கு மேளம்தான் மணிக்கூடு. உயிரோடிருந்த காலத்தில் மாமி மாலைப் பூசைக்குப் போவார். மேளம் ஓய்ந்ததும் நெற்றி நிறைய விபூதியும் கையில் பிரசாதமுமாகப் படலையைத் திறந்துகொண்டு வருவார். ஆகவே மேளம் கேட்கிறவரை மனைவி கோயிலில் நிற்கிறாள். மேளம் நின்றால் அவள் வரவேண்டும். வராவிட்டால் தேடிப் போகவேண்டும்.

ஐப்பசியில் ஒருநாள் அப்படித் தேடிப் போனார். கரண்ட் போய், அதுவரை மேளம் வாசித்த வானொலிப் பெட்டி நின்றுபோன கொஞ்ச நேரத்துக்குள் அறையில் ஆளைக் காணவில்லை. தனுஷிகா ஓடிப் போய்ப் பார்த்தபோது, கிணற்றுக்கட்டில் வயிறு பதியக் கவிழ்ந்து, உள்ளே பார்த்து, "இஞ்சேரும்… இஞ்சேரும்…" என்று மாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கால்கள் இரண்டும் நிலத்தை விட்டு எழும்பியிருந்தன.

அதற்குப் பிறகுதான் அவளுடைய கணவன் நிருஷன், கட்டாரில் வேலை செய்கிறவன், விடுமுறையில் வந்த சிநேகிதனின் பையில் இந்த நான்கு ஸ்பீக்கர்களையும் கொடுத்தனுப்பினான். கரண்ட் போனாலும் ஓடுவதற்குப் பற்றறியும் வந்தது. வானொலியைவிட இதில் ஒரு நன்மை இருந்தது. சத்தம் ஒரு மூலையிலிருந்து வந்தால் மாமா அதைப் பெட்டி என்று கண்டுபிடித்துவிடுவார். வீடு முழுவதிலும் மெல்லியதாக, எல்லாப் பக்கத்தாலும் வந்தால், அது கோயில்.

நன்மை அவ்வளவுதான். மற்றதெல்லாம் உபத்திரவம். ஒன்று பாடும்போது மற்றது பாடாது. எல்லாம் பாடினால் குசினி ஒரு மூச்சுப் பிந்திப் பாடும். வீட்டுக்குள் இரண்டு கோயில் இருப்பதுபோல இருக்கும். அழித்துவிட்டு மறுபடி இணைத்தாள். பெயர்களை மாற்றினாள். றவுட்டரை ஹோலில் ரீவிக்குப் பக்கத்தில் உயர்த்தி வைத்தாள், தாழ்த்தி வைத்தாள், சுவாமி அறைப் பக்கம் திருப்பி வைத்தாள். சில வேளை பெட்டிக்குள் இருக்கும் பெண்குரல், ஏதோ பிழை நடந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கும்.

"ஆர் பிள்ளை வந்திருக்கிறது?" என்பார் மாமா. "இருக்கச் சொல்லு. தண்ணி குடுத்தனியோ?"

ஒருநாள் அவருடைய மனம் ஆறட்டும் என்று தனுஷிகா உண்மையாகவே ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டுத் தனியே சிரித்தாள். சிரிப்பு கொஞ்ச நேரத்தில் அழுகையாகப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"தனு, றவுட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாத்தீரே?" என்று நிருஷன் தொலைபேசியில் கேட்டான்.

"காலமையும் பாத்தன், மத்தியானமும் பாத்தன். இனி என்னைத்தான் ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாக்கவேணும்."

"கோவிக்காதையும்."

"கோவிக்கேல்லை. நாலையும் கிணத்துக்குள்ளை போடலாமோ எண்டு யோசிக்கிறன்."

அவன் சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "கிணறு எண்டு சொல்லாதையும். தை பிறக்க லீவு கிடைக்கும். அதுமட்டும் அப்பாவை எப்பிடியும்…"

"நான் பாக்கிறன். நீங்கள் வரேக்கை மாமா உந்தக் கதிரையிலை இருப்பார். சொல்லுறன் பாருங்கோ."

சொன்னதைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி, மேளம் நிற்காமல் பார்ப்பது ஒன்றுதான்.

குருநகரிலிருந்து ஜெறோம் வந்தார். கமரா பூட்டுகிறது, வைஃபை சரிபார்க்கிறது, அந்தோனியார் திருநாளுக்கு மின்குமிழ் கட்டுகிறது, எல்லாம் அவர் வேலை. ஒரு காலை வாசல்நிலையில் ஊன்றிக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"பழைய கல்லுச் சுவர். உந்தத் தடிப்புக்குள்ளாலை சிக்னல் போகாது, தங்கச்சி. கதவு வாசலுகளாலைதான் நூல்மாதிரிப் போகுது. அந்த நூலை ஆரும் மறிச்சா அறும்."

"ஆர் மறிக்கிறது?"

"ஆள்தான். ஆள் எண்டால் என்ன, நடக்கிற தண்ணி மூட்டை. தண்ணிக்குள்ளாலை சிக்னல் வராது. இப்ப பாருங்கோ. இந்த வாசல்லை நில்லுங்கோ. றவுட்டருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கோ. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்."

ஹோலுக்கும் விறாந்தைக்கும் இடையிலான வாசலில் தனுஷிகா நின்றாள். விறாந்தை ஸ்பீக்கர் விக்கியது. நின்றது. அவள் விலகினாள். கொஞ்சம் பொறுத்து அது மறுபடி பாடியது.

"சரியோ? வருத்தமும் தெரியும், மருந்தும் தெரியும். ஒருத்தரும் வாசல்லை நிக்கப்படாது."

"ஒருத்தரும் நிக்கிறேல்லை, ஜெறோம் அண்ணை. விளக்கு வைக்கிற நேரத்திலை நான் குசினியிலை. மாமா அறைக்குள்ளை."

"அப்ப நாயோ பூனையோ?"

"நாய் போன மாரியோடை செத்துப்போச்சு."

"நாய் எண்டாலும் அறாது. உயரம் காணாது. ஆள் உயரம் வேணும்." அவர் கருவிப் பையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். "ஆரோ விருந்தாளி வந்து வாசல்லை நிக்குது போலை. வா எண்டு கூப்பிடாட்டிப் பாவம் எவ்வளவு நேரம் நிக்கிறது? ஒரு தேத்தண்ணி குடுத்துப் பாருங்கோ."

அவளும் சிரித்தாள். அவருக்குத் தேநீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, "அப்ப போட்டு வாறன் தங்கச்சி. போட்டு வாறன் ஐயா," என்றார்.

"போட்டு வாங்கோ," என்றார் மாமா கதிரையிலிருந்து, கை இரண்டையும் குவித்து. எதை மறந்தாலும் இதை அவர் மறக்கவில்லை. தானே எங்காவது புறப்பட்டாலும் விறாந்தையில் நின்றுகொண்டு, வீட்டிலிருக்கிற யாராவது ஒருவர் 'போட்டு வாங்கோ' என்று சொல்லும்வரை படியிறங்க மாட்டார். எவ்வளவு அவசரமென்றாலும் தடியை ஊன்றிக்கொண்டு காத்து நிற்பார். ஒருமுறை மாமி வேண்டுமென்றே சொல்லாமல் விட, கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு நின்றவர்.

தனுஷிகாவும் ஜெறோமுக்கு 'போட்டு வாங்கோ' என்று சொல்ல வாயெடுத்தாள். பாதிச் சொல்லில் நிறுத்தினாள்.

வேறொரு நாளின் ஞாபகம் அவளுக்கு வந்தது.

இந்த ஊரில் யாரும் வீட்டைவிட்டு இறங்கும்போது 'போறன்' என்பதில்லை. போட்டு வாறன், போய்விட்டு வருகிறேன், என்பார்கள். இருப்பவர்கள் போட்டு வாங்கோ என்று அனுப்புவார்கள். செத்தவீட்டில் மட்டும் அந்தப் பேச்சுக் கிடையாது. வந்தவர்கள் சொல்லாமலே எழுந்து போவார்கள். மாமியை எடுத்துக்கொண்டு ஆண்கள் புறப்பட்டபோது, பெண்கள் படலையோடு நின்றுவிட்டார்கள். தனுஷிகாவும் நின்றாள். தன்னை ஒருநாளும் கடிந்து பேசாத அந்த மனுஷி, வெளியே போகும்போதெல்லாம் படலையில் திரும்பிப் பார்த்துத் தலையசைக்கிற அந்த மனுஷி, திரும்பாமல் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பறை உரத்து ஒலித்தது. எல்லாரும் அழுதார்கள். அப்போது அவளுடைய வாய், தினமும் அதே இடத்தில் நின்று சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொன்னது.

"போட்டு வாங்கோ, மாமி."

யாருக்கும் கேட்கவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அன்பாகச் சொன்ன சொல் யாரையும் சுடாது என்று நம்பி வளர்ந்தவள் அவள். இப்போது, பட்டப்பகலில், ஜெறோமின் மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் தேய்ந்து போக, மாமியை வரச் சொல்லி அனுப்பியது தான்தான் என்று அவளுக்கு உறைத்தது.

அன்று மாலை அவள் குசினிக்குப் போகவில்லை. சுவாமி அறையில் விளக்கை ஏற்றிவிட்டு, ஹோலின் நடுவில் பாயைப் போட்டு, காலை நீட்டி, விறாந்தை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூரை ஓட்டிலிருந்து மிச்ச மழை சொட்டியது. வாசலில் தொங்கிய திரைச்சீலை அசையவில்லை. மின்குமிழைச் சுற்றி ஈசல்கள் முட்டி முட்டி விழுந்தன. நான்கு பக்கமும் நாதஸ்வரம், நிதானமாக, ஒரு சுரத்தைப் பிடித்து உருட்டிக்கொண்டு, மேலே போவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல.

படலைக் கொளுக்கி மெதுவாகச் சத்தமிட்டது. காற்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

விறாந்தை நின்றது.

வாசலில் ஒருவரும் இல்லை. சீலையின் கரையைப் பார்த்தாள், நிலையைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். மஞ்சள் வெளிச்சமும் ஈசல் சிறகுகளும்தான். ஆனால் அந்த வெறுமைக்கு ஓர் ஆளின் அளவு இருந்தது.

விறாந்தை மறுபடி பாடியது. அவள் மூச்சை விட்டாள்.

ஹோல் நின்றது.

ஹோல் ஸ்பீக்கர் சுவரில், மாமியின் படத்துக்குக் கீழே இருந்தது. அதற்கும் றவுட்டருக்கும் நடுவில் அவளுடைய பாய் மட்டுமே. சந்தன வாசம் வந்தது. சந்தனமும், மழையில் நனைந்த நூல்சேலையின் வாசமும். மாமி கோயிலிலிருந்து வந்ததும் ஹோலில் கொஞ்ச நேரம் நிற்பார். தலைப்பால் முகத்தை ஒற்றுவார். சுவரிலுள்ள சாமி படங்களைப் பார்த்து ஒருமுறை கும்பிடுவார். பிறகுதான் உள்ளே. அவ்வளவு நேரம் ஹோல் பாடாமல் இருந்தது.

தனுஷிகாவின் கால்கள் வழியில் நீட்டியிருந்தன.

அவள் காலை மடக்கிக்கொண்டாள்.

ஏன் மடக்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பெரியவர்கள் வந்தால் காலை மடக்குவது பழக்கம். மடக்கிய பிறகுதான் பயம் வந்தது. வழி மாமாவின் அறைக்குப் போகிற வழி.

அன்று அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. ஹோல் பாடியது, விறாந்தை ஒருகணம் அறுந்து மறுபடி பாடியது, படலை சத்தமிட்டது. வந்தவர் போய்விட்டார். நாளைக்கு வருவார். அவள்தானே தினமும் மாமாவிடம் சொல்கிறாள்.

மறுநாள் காலை பிள்ளையார் கோயிலில் நெடுநேரம் நின்றாள். கற்பூரம் கொளுத்தினாள். மாமியைத் துரத்திவிடு என்று கேட்க வாய் வரவில்லை. அப்படிக் கேட்கத்தக்க எதையும் அந்த மனுஷி அவளுக்குச் செய்ததில்லை. மாமாவை விட்டுவிடச் சொல்லு, அவ்வளவுதான் கேட்டாள். வீட்டுக்கு வந்து நான்கு பெட்டிகளையும் மறுபடி அழித்து, மறுபடி இணைத்தாள். கைகள் வேலை செய்தன. மனம், இது பெட்டியின் குற்றமாகவே இருக்கட்டும், என்னுடைய கைப்பிழையாகவே இருக்கட்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. வழக்கத்தைவிட முன்னதாகவே இருண்டது. மாமா கட்டிலில் கண்மூடிக் கிடந்தார். மேளம் கேட்டபடி விரல்கள் போர்வையில் தாளம் போட்டன. தனுஷிகா அவருடைய அறைக்குள் சுவரோடு ஒட்டி நின்றாள். வாசலிலேயே நின்று மறித்துவிடலாம் என்று முதலில் நினைத்தாள். நின்றும் பார்த்தாள். நின்றதும் அறை ஸ்பீக்கர் விக்கியது. மாமாவின் விரல்கள் நின்றன. கண் திறக்கப் பார்த்தது. அவள் பதறி விலகினாள். மறித்தாலும் மேளம் அறும். மறிக்காவிட்டாலும் அறும்.

படலை.

மழைக்குள்ளும் அவளுக்கு அது கேட்டது.

விறாந்தை நின்றது. பாடியது.

ஹோல் நின்றது. நெடுநேரம் நின்றது. பாடியது.

சந்தனம்.

அறை நின்றது.

மாமா கண்ணைத் திறந்தார். வாசலைப் பார்த்தார். பல மாதமாக அவருடைய முகத்தில் இல்லாத ஒரு தெளிவு வந்தது. அவர் மெதுவாகச் சுவர்ப்பக்கம் நகர்ந்து, கட்டிலில் இடம்விட்டார்.

"வந்திட்டீரோ," என்றார். "நல்லா நனைஞ்சு போனீர்."

அவர் விட்ட இடத்தில் மெத்தை தாழ்ந்தது. மெதுவாக, மூட்டுவலிக்காரர் ஒருவர் கையூன்றி உட்காருகிறதுபோல. போர்வையில் ஒரு மடிப்பு விழுந்தது. மடிப்பைச் சுற்றி ஈரம் பரவியது.

தனுஷிகாவுக்குக் கத்த வரவில்லை. குசினியில் மேளம் கேட்டது, ஹோலில் கேட்டது, விறாந்தையில் கேட்டது. இந்த அறையில் மழைச் சத்தம் மட்டும். மாமாவின் கை மெத்தைக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், எதையோ பற்றியிருந்தது.

நிருஷனுக்குக் கொடுத்த வாக்கு. தை பிறக்க. அந்தக் கதிரை.

"மாமி," என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. "மாமி… போங்கோ."

அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வழக்கமாக வருகிற 'வாங்கோ' என்ற சொல்லை அவள் சேர்க்கவில்லை. தன் வாழ்நாளில் வயதுக்கு மூத்த ஒருவரை அவள் அப்படி வெறுமனே போகச் சொன்னதில்லை. சொன்னதும் வாய் கசந்தது.

மெத்தை எழும்பியது.

அறையில் நாதஸ்வரம் திரும்பி வந்தது. ஹோல் அறுந்தது, பாடியது. விறாந்தை அறுந்தது, பாடியது. படலை சத்தமிட்டது.

மாமாவின் கை கீழே விழுந்தது. அவர் அவளைப் பார்த்தார். அடி வாங்கிய பிள்ளையின் பார்வை.

"ஆரைப் போகச் சொன்னனீ, பிள்ளை?"

"ஒருத்தரையும் இல்லை மாமா."

"அவ இன்னும் சாப்பிடேல்லை."

பிறகு மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மேளத்துக்கு விரல் தாளம் போடவில்லை. தனுஷிகா போர்வையை மாற்றினாள், ஈர இடத்தைத் துடைத்தாள், அவருடைய தோளைத் தொட்டாள். தோள் இறுகியிருந்தது.

"ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன் மாமா. இஞ்சி போட்டு."

அவர் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டார்.

குசினியில் கேத்தில் கொதித்தது. வீடு முழுவதிலும் மேளம் ஒரே சீராக ஒலித்தது. ஒன்று பிந்தவில்லை, ஒன்று முந்தவில்லை, ஒன்று விக்கவில்லை. இவ்வளவு நாளும் அவள் ஏங்கித் திரிந்தது இதற்காகத்தான். இஞ்சியைத் தட்டியபடி அவள் அழுதாள். ஒரு வாய் தேத்தண்ணியோடு அவரைச் சமாதானப்படுத்தலாம். நாளைக்கு மாமியின் பெயரில் கோயிலில் ஒரு விளக்குப் போடலாம். சொன்ன சுடுசொல்லுக்கு மன்னிப்புக் கேட்கலாம். சின்னச் சின்ன நன்மைகளால் ஆறாத காயம் இல்லை. சீனியைக் கரைத்தாள்.

மாமாவின் அறையிலிருந்து வந்துகொண்டிருந்த மேளம் நின்றது.

எழும்பிவிட்டார். கிணறு. அவள் கோப்பையோடு ஓடினாள்.

வாசலை அவள் அடைய, அறை மறுபடி பாடத் தொடங்கியது. மாமா எழும்பவில்லை. அதே இடத்தில், சுவரைப் பார்த்தபடி, போர்வை குலையாமல் படுத்திருந்தார். தடி கட்டில் காலில் சாய்ந்திருந்தது. நெஞ்சு ஆறியது.

"மாமா, தேத்தண்ணி."

நாதஸ்வரம் அவருடைய தலைமாட்டில் குழைந்தது.

"மாமா."

போர்வைக்கு வெளியே கால் ஒன்று தெரிந்தது. தொட்டாள். கிணற்றுத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது.

அவளுக்குப் பின்னால் ஹோல் நின்றது.

அவள் திரும்பவில்லை. ஹோலைக் கடக்க மாமிக்கு அவ்வளவு நேரம் எடுக்காது. இது தடியூன்றி நடக்கிறவரின் நேரம். ஓர் அடி. ஒரு மூச்சு. ஓர் அடி.

ஹோல் பாடியது.

விறாந்தை நின்றது.

அவள் காத்திருந்தாள். படலைச் சத்தம் கேட்கும். கேட்டதும் விறாந்தை பாடும். எப்போதும் அப்படித்தான்.

படலை சத்தமிடவில்லை.

மழை விட்டது. ஓட்டிலிருந்து சொட்டுவதும் நின்றது. விறாந்தை பாடவில்லை. யாரோ அங்கே நிற்கிறார்கள். இறங்காமல். படிக்கு மேலே. உள்ளே பார்த்தபடி.

மரியாதை தெரிந்த மனிதர். வீட்டிலிருக்கிற யாராவது 'போட்டு வாங்கோ' என்று சொல்லாமல் இறங்க மாட்டார்.

வீட்டில் அவள் ஒருத்திதான்.

சொன்னால் நாளைக்கு வருவார்கள். இரண்டு பேரும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு. சொல்லாவிட்டால் இந்த விறாந்தையிலேயே நிற்பார்.

கோப்பையில் தேநீர் ஆறிப்போனது. அறையில் மேளம். ஹோலில் மேளம். குசினியில் மேளம். தனுஷிகாவின் உதடுகள், பழக்கத்தில், மெல்லப் பிரிந்தன.

விறாந்தை காத்து நின்றது.